கரட்டு உச்சியில் இரண்டு சம்பந்திகள்

காலை டீயைப் பாதியில் மேசைமேல் வைத்துவிட்டு மகள் சொன்னாள்: "அம்மா, நீ இன்னைக்கு எங்கயாவது வெளிய போயிட்டு வா. சாயங்காலம் வரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் தலையைக் காட்டாதே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிறைமாத வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, களைத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் டைம்கீப்பரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் என்னடி செஞ்சேன்? வலி எடுக்குதான்னு கேட்டேன். அது ஒரு குத்தமா?"

"எழுந்ததுலேருந்து எத்தனை தடவை கேட்டேன்னு நெனச்சுப் பாரு. நான் பாத்ரூம் போனா கதவுக்கு வெளிய நிக்கிறே. ஆஸ்பத்திரிப் பையைத் தினமும் பிரிச்சுத் திரும்ப அடுக்கறே. உன்னைப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வருது."

டைம்கீப்பரம்மா மேசைமேல் இருந்த டீ டம்ளரைச் சமையல்கட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு உண்டுதான். ஆனால் பேருந்துப் பணிமனையில் வாழ்நாள் முழுக்க டைம்கீப்பராக இருந்ததில் டிரைவர்களும் கண்டக்டர்களும் வைத்த பெயர்தான் நிலைத்துப்போனது. வீட்டுக்காரர்கூட அப்படியே கூப்பிட்டுக் கேலி செய்வார். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், ஏன் இன்னும் கிளம்பவில்லை, யார் இன்னும் டீக்கடையில் நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவள் பிழைப்பு. இந்த வருட ஆரம்பத்தில் ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரிக்கவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்த நாற்காலி கூப்பிடும். பிரசவத்துக்குத் துணை என்று மகள் வீட்டுக்கு வந்தவளுக்கு, டாக்டர் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரத்துக்கு மேலாகியும் ஒன்றும் நடக்காததைத் தாங்கவே முடியவில்லை. "இந்த வண்டி ஏன் இன்னும் ஷெட்டை விட்டுக் கிளம்பல?" என்று முந்தின நாள் ஒரு ஜோக் அடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

வீடு சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. அதற்குள் மகள், மாப்பிள்ளை, இவள், இவளோடு கூட இவளுடைய சம்பந்தி. மாப்பிள்ளையின் அம்மாவும் பிரசவத்துக்கென்று வந்திருந்தாள். பக்கத்து ஊரில் சொந்தமாக லாண்டரிக் கடை வைத்திருப்பவள். அகலமான உடம்பு, அவசரமே தெரியாத நடை. பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காயும் துணிகளைப் பார்த்தபடி காலைப் பொழுது முழுவதையும் ஓட்டிவிடுவாள். அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் டைம்கீப்பரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்திரி இருவரும் ஹாலில் ஒரே சோபாவை விரித்துப் படுத்தார்கள். சம்பந்தி படுத்ததும் குறட்டை விடுவாள். இவள் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யாரையும் நோகடிக்காமல் பேசுகிறவர். இப்போதும் அவர்தான் நடுவில் வந்தார்.

"அத்தை, மலை மேல டவர் இருக்கில்ல, அங்க பஸ்ஸே போகுது. மேல நல்ல காத்து. போயிட்டு வாங்களேன். அம்மாவும் கூட வரட்டும்."

துணி மடித்துக்கொண்டிருந்த சம்பந்தி தலையைத் தூக்கினாள். "நானா? மலைக்கா?"

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். என்ன பார்வையோ, அவள் மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "சரி, வாங்க சம்பந்தி. நானும் நாலு எட்டு நடந்த மாதிரி இருக்கும்."

மலை உச்சி என்று சொன்னார்களே தவிர, அங்கே மலையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. டவரைச் சுற்றி சிமென்ட் தளம், கம்பி வேலி, வண்டி நிறுத்த இடம், வரிசையாகப் பெஞ்சு. ஒரு ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சம்பந்தி வசதியான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். டைம்கீப்பரம்மா வேலி ஓரமாக ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. இவ்வளவு உயர டவருக்கு அடியில் நின்றுகொண்டு சிக்னல் இல்லை என்றால் என்ன நியாயம் என்று மனசுக்குள்ளே திட்டினாள்.

வேலியின் பின்பக்கத்தில் ஒரு இடைவெளி இருந்தது. அதன் வழியாக மலைமுதுகு நீண்டு போனது தெரிந்தது. கொஞ்ச தூரத்தில், டவர் நிற்கும் உச்சியைவிடத் தாழ்ந்து, பாறையாகக் குவிந்து நின்றது ஒரு கரடு. மகளின் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிவது அதுதான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. பெரிய உச்சிக்குப் பக்கத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி கிடக்கும்.

டவர் வாசலில் காவலுக்கு இருந்தவரிடம் கேட்டாள். "அந்தப் பாறைக்கு என்ன பேருங்க?"

"அதுக்கெல்லாம் யாரும்மா பேரு வெப்பாங்க? டவர் பாக்க வருவாங்க, போவாங்க."

"வழி இருக்கா?"

"ஒத்தையடிப் பாதை இருக்கு. கடைசியில கையும் காலும் வெச்சு ஏறணும். ஏறினா ஏறின வழியிலயே இறங்குங்க. ஊரைப் பாத்த பக்கம் இறங்கலாம்னு தோணும். தோணட்டும், இறங்காதீங்க."

அவள் பெஞ்சுக்கு வந்து சம்பந்தியின் தோளைத் தொட்டாள். "நான் அங்க போயிட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க."

சம்பந்தி ஒரு கண்ணைத் திறந்து கரட்டைப் பார்த்தாள். "அங்க என்ன இருக்கு?"

"தெரியல."

"தெரியாமயே போகணுமா?" என்று பெருமூச்சு விட்டபடி செருப்பைத் தேடினாள். "இருங்க, நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். சம்பந்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாதை முதலில் சாதுவாகத்தான் போனது. இடுப்புயரப் புல், இடையில் முள்செடி, இரண்டு பக்கமும் சரிவு. காற்று நேராக முகத்தில் அடித்தது. டைம்கீப்பரம்மா முன்னால் விறுவிறுவென்று போய், திரும்பிப் பார்த்து, சம்பந்தி வரும்வரை கால் மாற்றி மாற்றி நிற்பாள். அவள் வந்து சேர்ந்து மூச்சு வாங்குவதற்குள் மறுபடியும் கிளம்பிவிடுவாள்.

"சம்பந்தி, என்னைக் கொல்லணும்னா வீட்டிலேயே கொன்னிருக்கலாமே," என்றாள் பின்னால் வந்தவள். "இவ்வளவு தூரம் நடக்க வெச்சா கொல்லணும்?"

இவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

கிட்டே போகப்போகக் கரட்டின் உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஜன்னலிலிருந்து ஒரே பாறையாகத் தெரிந்தது உண்மையில் மூன்று. முதல் பாறையில் படி மாதிரி வெடிப்புகள் இருந்தன. அதில் ஏறி நின்றால் இரண்டாவது அதைவிட உயரம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதில் ஏறினால், அதுவரை மறைந்திருந்த மூன்றாவது அதையும்விட ஒரு ஆள் உயரம் கூட. பாறையெல்லாம் சொரசொரவென்று உள்ளங்கையைத் தேய்த்தது. சில இடத்தில் காய்ந்த பாசி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நம்பிப் பிடித்த ஒரு கல் கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போட்டபோது வெகுநேரம் உருண்டுபோகும் சத்தம் கேட்டது. அவள் அடுத்த கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அடுத்து கையை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் இல்லாமல் இருந்தது. அது பிடித்திருந்தது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு சந்து. உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். அவள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டாள். சம்பந்தி சந்தின் அகலத்தைப் பார்த்தாள், தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"இதுல நான் புகுந்தா ஊரைக் கூட்டித்தான் வெளிய எடுக்கணும்."

"அப்போ அங்கயே இருங்க. நான் மேல எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"இவ்வளவு வந்துட்டு இங்க உக்காரவா?" சம்பந்தி பாறையின் அடிப்பக்கமாக உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையை ஊன்றி, புதரைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி வேறு பக்கமாக ஏறினாள். டைம்கீப்பரம்மா உச்சியில் கால் வைத்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த அகலமான முகமும் மேலே வந்தது. வேர்த்து வழிந்தது. ஆனால் அதில் ஒரு பெருமிதம் இருந்தது. கடையில் ஒரு பிடிவாதக் கறையைப் போக்கிவிட்டால் இப்படித்தான் இருக்கும்போல.

உச்சியில் ஒன்றும் இல்லை. ஒரு குழியில் கொஞ்சம் மழைத்தண்ணீர், துருப்பிடித்த ஒரு கம்பி, பறவை எச்சம். மேசையளவு இடம். இருவரும் உட்கார்ந்தால் கால் வெளியே தொங்கும். பின்பக்கம் பார்த்தால் அந்த மலைமுதுகு முடியவே இல்லை. இதே மாதிரி மொட்டைக் கரடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முன்பக்கம் பார்த்தால் ஊர். மகள் வீடு எது என்று தேடினாள். தெரியவில்லை. ஆஸ்பத்திரி மட்டும் தெரிந்தது. மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் கட்டடம். காலடியிலேயே இருப்பதுபோல இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் டைம்கீப்பரம்மா.

"வேற என்ன எதிர்பார்த்தீங்க? மேல ஒருத்தர் டீ போட்டு வெச்சிருப்பார்னா?"

ஏறும்போது டைம்கீப்பரம்மாவுக்கு இருந்த நிம்மதி ஏறி முடித்ததும் போய்விட்டது. கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. அடுத்த கரட்டைப் பார்த்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. ஒரு தடவை இல்லை, விடாமல் அதிர்ந்தது. உச்சியில் சிக்னல் கிடைத்து, அதுவரை வராமல் நின்றதெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் மாப்பிள்ளையிடமிருந்து. கூப்பிட்டாள். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"அத்தை, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அவ நல்லா இருக்கா, நீங்க பதட்டப்—"

அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள், திருப்பினாள், தட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சாம்," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கிளம்புங்க. எழுந்திருங்க சம்பந்தி."

"எழுந்திருக்கிறேன். மெதுவா."

"மெதுவாவா? அங்க என் பொண்ணு தனியாக் கிடக்கா."

"தனியா இல்ல. என் பையன் பக்கத்துல இருக்கான். தலைப்பிரசவம், உடனே ஆயிடாது."

டைம்கீப்பரம்மா காதில் அது விழவே இல்லை. அவள் கண் முன்பக்கச் சரிவில் இருந்தது. மழைத்தண்ணீர் அரித்த ஒரு ஓடைத்தடம் கரட்டிலிருந்து நேராகக் கீழே இறங்கியது. அதற்குக் கீழே மரங்கள், அதற்குக் கீழே ரோடு, அந்த ரோட்டின் முனையில் தண்ணீர்த் தொட்டிகள்.

"இப்படி இறங்கினா பாதி நேரம்."

"அந்தக் காவல்காரர் என்ன சொன்னார்?"

"அவர் ஆயிரம் சொல்வார். அவர் பொண்ணா பெத்துக்கப் போகுது?"

சம்பந்தி எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாம். வந்த வழியிலயே போலாம்."

"விடுங்க. நீங்க மெதுவா வாங்க, உங்களை யார் வேண்டாம்னா? என் பின்னாலயே ஏன் வரீங்க?"

"பாத்துக்கச் சொன்னான், அதான் வரேன்."

வாய் தவறி வந்துவிட்டது என்பது சம்பந்தியின் முகத்திலேயே தெரிந்தது. டைம்கீப்பரம்மா அசையாமல் நின்றாள்.

"யார் சொன்னது? மாப்பிள்ளையா?"

சம்பந்தி முழங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"என் பொண்ணும் சொன்னாளா?"

"ரெண்டு பேரும்தான் நேத்து ராத்திரி பேசிக்கிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போனா அவளுக்கும் தூக்கம் வரும், உங்களுக்கும்..."

"என்னைப் பாத்துக்க ஆள் போட்டாங்களா? நூறு வண்டியை நான் ஒருத்தியாப் பாத்துக்கிட்டேன். என்னைப் பாத்துக்கணுமாம்."

கையை உதறினாள். சந்துப் பக்கம் திரும்பவில்லை. ஓடைத்தடத்தின் வாயில் உட்கார்ந்து, காலை நீட்டி, சறுக்கி இறங்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து சம்பந்தி கூப்பிட்டது காற்றில் போனது.

முதலில் வழி நல்ல வழியாகத்தான் இருந்தது. சரளைக்கல் அவளையும் சேர்த்துக்கொண்டு இறங்கியது. பார்த்தீங்களா, இவ்வளவுதான் என்று மேலே இருப்பவளிடம் மனசுக்குள் வாதாடிக்கொண்டே இறங்கினாள். பிறகு இரண்டு பக்கமும் பாறை நெருங்கியது. கல் குறைந்து வழுவழுப்பு கூடியது. ஒரு இடத்தில் சறுக்கியவள் நிற்க முடியாமல் இன்னும் சறுக்கி, குதிகாலை எதிலோ முட்டுக்கொடுத்து நின்றாள். குனிந்து பார்த்தாள். முட்டுக்கொடுத்திருந்த பாறை விளிம்புக்கு அப்பால் தடம் இல்லை. மரங்களின் தலைகள்தான் தெரிந்தன, ரொம்பக் கீழே.

சுடிதார் பையிலிருந்த போன் அந்த அதிர்ச்சியில் நழுவி, விளிம்பில் ஒருமுறை பட்டு, காணாமல் போனது. கீழே விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

திரும்பிப் படுத்து மேலே ஏறப் பார்த்தாள். இறங்கும்போது இடம் கொடுத்த சரிவு ஏற இடம் கொடுக்கவில்லை. ஒரு முழம் ஏறினால் அந்த ஒரு முழமும் திரும்பச் சறுக்கியது. உள்ளங்கை இரண்டும் உரிந்து எரிந்தன. சுடிதார் முழங்காலில் கிழிந்துவிட்டது. தொடை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. அது அவள் சொன்னதைக் கேட்காமல் தானாக நடுங்கியது.

"சம்பந்தி!"

பதில் இல்லை. போயிருப்பாள். போகட்டும், போனால்தான் நியாயம்.

"சம்பந்தி..."

"இருக்கேன். எங்கயும் போகல." குரல் மேலேயிருந்து வந்தது. தலை மட்டும் தெரிந்தது. விளிம்பில் குப்புறப் படுத்திருக்கிறாள். "அடி பட்டிருக்கா?"

"இல்ல. மேல ஏற முடியல. கீழ வழி இல்ல."

"சரி. முதல்ல உக்காருங்க."

"உக்கார நேரமில்ல சம்பந்தி. அங்க அவ..."

"இப்போ நீங்க அசைஞ்சா கீழதான் போவீங்க. கால் நடுங்குறது இங்க வரைக்கும் தெரியுது. உக்காருங்க. கால் நின்னப்புறம் பேசலாம்."

உட்கார்ந்தாள். முதுகைப் பாறையில் சாய்த்துக்கொண்டாள். எதிரில் ஆஸ்பத்திரித் தொட்டிகள் பளபளத்தன. அதைப் பார்க்கப் பார்க்க நடுக்கம் கூடியது. கண்ணை மூடினால் மகள் முகம். மனசு ஓடிக்கொண்டே இருந்தது: பையில் துண்டு வைத்தோமா, டாக்டர் வந்திருப்பாரா, ரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பார்கள், ஏதாவது ஆகிவிட்டால். அந்தக் கடைசி வார்த்தைக்கு வந்து மனசு நின்றது. இவ்வளவு நாளும் அதன் கிட்டே போகாமல்தான் அலமாரியைத் துடைத்தாள், பையை அடுக்கினாள், வலி எடுக்குதா என்று கேட்டாள். இங்கே துடைக்க ஒன்றும் இல்லை. அழுதாள். மேலே இருந்தவள் காத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துச் சம்பந்தி கேட்டாள், "நின்னுச்சா?"

"கொஞ்சம்."

"உங்க இடது பக்கம் பாருங்க. ஓடையை விட்டுடுங்க. பாறைச் சுவர்ல ஒரு வெடிப்பு மேல வரைக்கும் வருது. மேலேருந்து பாத்தா நல்லாத் தெரியுது. அதுல கால் வைக்க முடியுமான்னு பாருங்க."

பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. சறுக்கி வந்த வேகத்தில் கண்ணில் படவே இல்லை. ஒரு காலை வைத்தாள். தாங்கியது. எரிகிற கையால் விளிம்பைப் பிடித்தாள். ஒரு காலை வைத்து, நின்று, மூச்சு விட்டு, அடுத்த காலை வைத்தாள். அவசரப்பட்ட ஒரு தடவை பாதம் வழுக்கியது, பிறகு அவசரப்படவில்லை. மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. சம்பந்தியின் கை இறங்கி வந்து மணிக்கட்டைப் பற்றியது. நனைந்த போர்வைகளைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை. அந்தப் பிடியில் அவள் எலும்பு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

மேலே வந்ததும் இரண்டு பேரும் ஒட்டிப் படுத்து மல்லாந்து மூச்சு வாங்கினார்கள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் டைம்கீப்பரம்மா. "உங்களையும் ஏதாவது சொல்லியிருப்பேன்."

"சொன்னீங்க. நானும் சொல்லக் கூடாததைச் சொன்னேன்." சம்பந்தி எழுந்து உட்கார்ந்து உடையைத் தட்டினாள். "எனக்கும் பயம்தான் சம்பந்தி. நான் பிரசவத்துக்குப் போனப்போ பக்கத்துப் படுக்கைக்காரி வீட்டுக்குத் திரும்பல. இந்த ஒரு மாசமா அவ நெனப்பாவே இருக்கு. உங்க பொண்ணுகிட்ட அதைச் சொல்ல முடியுமா? துணியை மடிக்கிறேன். மடிச்சதைப் பிரிச்சுத் திரும்ப மடிக்கிறேன். நீங்க அதைக் கவனிச்சிருக்க மாட்டீங்க."

கவனிக்கவில்லை. சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

திரும்பும் வழி வந்த வழிதான். இவள் சந்து வழியாக, சம்பந்தி சுற்றிக்கொண்டு; அப்புறம் இரண்டாவது பாறை, முதல் பாறை, பிறகு புல். சம்பந்தி தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து வந்திருந்தாள்; இவளுடையது மரங்களுக்குள் எங்கோ கிடந்தது. ஆகவே ஒரு சேதியும் தெரியாமல் நடந்தார்கள். டைம்கீப்பரம்மாவுக்கு ஓட வேண்டும்போல இருந்தது. முழங்கால் விடவில்லை. பேச வேண்டும்போல இருந்தது. எதைப் பேசினாலும் மகள் பேச்சில்தான் போய் முடியும் என்பதால் வாயை இறுக்கிக்கொண்டாள். சம்பந்தி அவளுக்கு முன்னால் நடந்தாள். இந்தத் தடவை இவள் தாண்டிப் போகவில்லை.

டவருக்கு வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. காவல்காரர் அவர்கள் இரண்டு பேர் கோலத்தையும் பார்த்தார். ஊரைப் பாத்த பக்கம் இறங்கத் தோணிச்சா என்று கேட்கவில்லை. டவரைப் பழுதுபார்க்க வந்திருந்த ஜீப் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அவரே போய்ப் பேசி இரண்டு பேரையும் பின் சீட்டில், கேபிள் சுருள்களுக்கு நடுவில் ஏற்றிவிட்டார். ஜீப் ஒவ்வொரு வளைவிலும் நிதானமாகத் திரும்பியது. "கொஞ்சம் வேகமா" என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. சம்பந்தி அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உரிந்த இடத்தைத் தொடாமல் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். சிரித்த முகம். கண் மட்டும் சிவந்திருந்தது.

"பொண்ணு," என்றார். "கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அப்புறம்தான் அவர்களைச் சரியாகப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு? அத்தை, கையெல்லாம் ரத்தம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் டைம்கீப்பரம்மா. வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் இந்தக் கோலத்தில் உள்ளே விட மாட்டேன் என்றாள். முகம் கழுவச் சொல்லி, உள்ளங்கையில் ஒட்டியிருந்த பொடிக்கல்லை எல்லாம் இடுக்கியால் எடுத்து, மருந்து வைத்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை கட்டிவிட்டாள். அந்த நேரத்தில் சம்பந்தி சுத்தம் செய்துகொண்டு உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டாள். முதலில் பார்ப்பவள் நானாக இருக்க வேண்டும் என்று டைம்கீப்பரம்மா எத்தனை நாள் நினைத்திருப்பாள். இப்போது கையை நீட்டிக்கொண்டு நர்ஸ் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். வெளிறியிருந்தாள், ஆனால் காலையில் இருந்த களைப்பு இல்லை.

"எங்கம்மா போயிருந்தே?"

"மலைக்கு. டவருக்குப் பக்கத்துல ஒரு கரடு இருக்கு. அதுல ஏறினோம்."

"அத்தையுமா?"

"அவங்க இல்லன்னா நான் இங்க வந்திருக்க மாட்டேன். அதை அப்புறம் சொல்றேன்." கட்டுப்போட்ட கைகளை மடியில் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். "உன் பக்கத்துல இருக்கணும்னு வந்தேன். இன்னைக்குன்னு பாத்து இல்லாமப் போயிட்டேன்."

மகள் அந்தக் கட்டுகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உண்மையைச் சொல்லட்டுமாம்மா? நீ இல்லாதது எனக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. நீ இருந்திருந்தா நான் உன் முகத்தையே பாத்துட்டு இருந்திருப்பேன். ஏதோ ஆகப் போகுதுன்னு பயந்திருப்பேன். இன்னைக்குப் பயப்படல. வலிச்சுது, அவ்வளவுதான்."

டைம்கீப்பரம்மாவுக்கு ஏதேதோ பதில் வந்தது. உனக்காகத்தானே, பெத்தவ மனசு உனக்கென்ன தெரியும், இனிமே தெரியும் பாரு. எல்லாவற்றையும் விழுங்கினாள். லேசில் இறங்கவில்லை.

"சரி," என்றாள். "நீ பயப்படலன்னா அது போதும்."

"கோபமா?"

"வருத்தம்தான். போயிடும்."

மகள் நகர்ந்து கட்டில் ஓரத்தில் இடம் கொடுத்தாள். அவள் உட்கார்ந்தாள். குழந்தையை வாங்கக் கையை நீட்டியவள், இரண்டு வெள்ளை மூட்டைகளைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டாள். கட்டு அவிழ்க்கப் பல நாள் ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

சம்பந்தி குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "கை இல்லன்னா என்ன? கன்னம் இருக்கில்ல."

அவள் கன்னத்தை வைத்தாள். சூடாக இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டே ஒரு காலை உதறியது, பிறகு இன்னொரு காலை உதறியது.

"இது யாரைக் கொண்டிருக்குன்னு இப்பவே தெரியுது," என்றாள் சம்பந்தி. மகள் சிரித்தாள், வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, தையல் பிரியப் போகுது என்று சொல்ல வந்த டைம்கீப்பரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் அவள் பாதம் இரண்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன.